சொல்லப்படாத சாவு: இலியட்டில் அக்கிலீஸின் முடிவும் வினைவடிவங்களும்

ஹோமரின் பெயரால் வழங்கும் இலியட் காப்பியத்தின் தலைவன் அக்கிலீஸ். அவன் எவ்வாறு இறந்தான் என்று வினவினால், கிரேக்கம் அறியாதவரும் குதிகாலில் அம்பு தைத்து இறந்தான் என்று விடை கூறுவர். ஆனால் 15,600க்கும் மேற்பட்ட அடிகளைக் கொண்ட அக்காப்பியத்தில் அந்தக் குதிகால் இல்லை. அவன்மீது அம்பு பாயும் நிகழ்ச்சி இல்லை. அவனது இறப்பே இல்லை. ஹெக்டரின் ஈமச்சடங்கோடு நூல் முடிகிறது. அப்போதும் அக்கிலீஸ் உயிரோடிருக்கிறான். எனினும் நூலைக் கற்று முடிப்பவர் எவரும் அவன் இறந்துவிட்டான் என்ற உணர்வின்றி மூடுவதில்லை. நிகழாத ஒன்று நிகழ்ந்ததாகவே உணரப்படுவது எவ்வாறு? இதற்குரிய விடை கதைப்போக்கில் இருப்பதைவிடக் காப்பியத்தின் வினைவடிவங்களில்தான் மிகுதியாக இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. அக்கிலீஸின் மொழி பற்றி 1956 முதல் நடந்துவரும் விவாதம் சொற்களையும் வாய்பாடுகளையும் எண்ணிய அளவுக்குக் காலம், வினைநோக்கு, இடம் ஆகியவற்றைக் கருதவில்லை. ஆகவே அவற்றை முன்னிறுத்துவது பயனுடையது.

குதிகாற் கதை

முதலில் குதிகாலை விலக்கிவிடலாம். குழந்தையாயிருந்த அக்கிலீஸைத் தாய் தீட்டிஸ் ஸ்டிக்ஸ் ஆற்றில் முக்கி எடுத்தாள் என்ற கதை, கிடைத்துள்ள இலக்கியங்களுள் கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதியில் ஸ்டேஷியஸ் இலத்தீனில் எழுதி முடிக்காது விட்ட அக்கிலெயிஸ் என்னும் காப்பியத்தில்தான் முதன்முதலாகத் தென்படுகிறது. அம்பு காலில் தைத்தது என்ற செய்தி அதனினும் பழையது. கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததும், இன்று தொலைந்து வரைபடத்தால் மட்டும் அறியப்படுவதுமான சாடி ஒன்றில், கணுக்காலில் அம்போடு அவன் உடல் கிடக்கிறது. ஆனால் காலில் அம்பு தைத்தல் வேறு. கால் ஒழிந்த உடல் முழுதும் ஊறுபடாதது என்னும் நம்பிக்கை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதுவது பொருந்தாது.

ஹோமரின் அக்கிலீஸ் ஊறுபடக்கூடியவன். இலியட் 21ஆம் காண்டத்தில் இரு கைகளாலும் வேல் எறியும் அஸ்தெரொபையஸ் அவனது வலக்கையைக் கீறுகிறான், கருங்குருதி பாய்கிறது. உரையாசிரியர் பலர் கடந்து சென்றுவிடும் இடம் இது. ஊறுபடா உடலுக்கு ஒரு விதிவிலக்கு இருந்ததால் அவன் இறந்தான் என்பது பிற்காலக் கதை. அது விபத்தைச் சொல்கிறது. எல்லோரையும்போல் இறக்கக்கூடியவன், தன் இறப்பை அறிந்து அதனை நோக்கி நடந்தான் என்பது இலியட். 17ஆம் நூற்றாண்டு முதல் உடற்கூற்றியலாரும், பின்னர் இதழாளரும் அக்குதிகாலை உலகெங்கும் பரப்பியதன் விளைவாக முன்னதே நமக்குத் தெரிந்த அக்கிலீஸாகிவிட்டது.

இலியட்டை அடுத்து நிகழ்ந்தவற்றைப் பாடிய ஐதியோப்பிஸ் என்னும் காப்பியம் அழிந்துவிட்டது. புரோக்ளஸ் தரும் சுருக்கத்தால் அதன் கதையை அறிகிறோம். மெம்னோனைக் கொன்று நகருக்குள் பாய்ந்த அக்கிலீஸைப் பாரிஸும் அப்பல்லோவும் வீழ்த்தினர். ஏஜாக்ஸ் உடலைச் சுமந்து வந்தான். தீட்டிஸ் மகனைச் சிதையிலிருந்து எடுத்து வெண்தீவுக்குக் கொண்டு சென்றாள். இறுதியில் ஓர் இறவாமை வழங்கப்படுவதைக் காண்க. இலியட் அதனை வழங்கவில்லை. ஒடிசியின் 11ஆம் காண்டத்தில் கீழுலகில் நிற்கும் அக்கிலீஸும் அதனைப் பெற்றவனாகத் தெரியவில்லை. இறந்தோர் அனைவர்க்கும் அரசனாயிருப்பதைவிட நிலமற்ற ஏழையிடம் கூலிக்கு உழுவதே மேல் என்கிறான்.

வாய்பாடும் பொருளும்

மில்மன் பரி 1928இல் பாரிசில் அளித்த ஆய்வேடுகள், ஹோமரின் அடைமொழிகள் யாப்புத் தேவையால் அமைந்த வாய்பாடுகள் என்று நிறுவின. 'விரைந்த காலினன்' என்னும் பொருளுடைய 'பொதாஸ் ஓகூஸ்' அக்கிலீஸ் அசையாது அமர்ந்திருக்கும்போதும் அவனுக்கு அடையாக வரும். அங்கு அதற்குத் தனிப்பொருள் தேடலாகாது என்பது இக்கோட்பாட்டின் முடிபு. தமிழாய்வாளர்க்கும் இவ்விவாதம் தொலைவானதன்று. க. கைலாசபதி பர்மிங்ஹாமில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் நிகழ்த்தி, 1968இல் ஆக்ஸ்போர்டு வெளியீடாக வந்த தமிழ் வீரநிலைக் கவிதை பற்றிய ஆங்கில நூல் இக்கோட்பாட்டையே சங்கப் பாடல்களுக்குப் பொருத்தியது. வாய்பாட்டால் ஆன மொழியில் தனிமனிதக் குரல் ஒலிக்க இயலுமா என்ற வினா, ஆகவே, இரு இலக்கியங்களுக்கும் உரியது.

மில்மனின் மகன் ஆடம் பரி 1956இல் அக்கிலீஸின் மொழி பற்றி எழுதிய சிறு கட்டுரை இவ்வினாவுக்கு அளித்த விடை பெரும் செல்வாக்குப் பெற்றது. அக்கிலீஸ் தன் சமுதாயத்தின் மதிப்புகளில் நம்பிக்கை இழந்துவிட்டான். ஆனால் அவ்விழப்பை வெளியிடுவதற்கு அச்சமுதாயத்தின் மரபுமொழியன்றி வேறு மொழி அவனுக்கு இல்லை. எனவே அம்மொழியைத் திரித்தே பயன்படுத்துகிறான் என்பது அவர் கருத்து. மறுப்புகள் பல வந்தன. பால் ஃபிரீட்ரிச், ஜேம்ஸ் ரெட்ஃபீல்டு ஆகிய இருவரும் 1978இல் 'லாங்குவேஜ்' ஆய்விதழில் அக்கிலீஸின் பேச்சு ஏனைய மாந்தரின் பேச்சிலிருந்து நடையால் வேறுபடுவதைக் காட்ட முயன்றனர். ரிச்சர்டு மார்ட்டின் 1989இல் அவன் பேச்சின் விரிவையே அவனது தனித்தன்மையாகக் கண்டார்.

ஆடம் பரியின் கட்டுரை அழகானது. ஆனால் அதன் அடிப்படை ஐயத்துக்குரியது. மொழி என்பது சொற்களின் கையிருப்பு என்று அவர் கொள்கிறார். கையிருப்பு பொதுவானதாயினும் அதனைத் தொடராக்கும் இலக்கணம் பேசுவோனுக்கு எவ்வளவு இடம் தருகிறது என்று அவர் வினவவில்லை.

வாய்பாட்டிலிருந்தே ஒரு சான்று காட்டலாம். விரைவைக் குறிக்கும் அதே 'ஓகூ' என்னும் கூறு 'ஓகூமொரோஸ்' என்னும் தொகையிலும் உண்டு. 'விரைந்து வரும் சாவினை உடையவன்' என்பது பொருள். இலியட்டில் மாந்தருள் அக்கிலீஸ் ஒருவனுக்கே இச்சொல் வருகிறது. அதுவும் தாய் தீட்டிஸின் வாயில் மட்டுமே, முதற் காண்டத்தில் இருமுறையும் 18ஆம் காண்டத்தில் இருமுறையும் வருகிறது. அவற்றுள் ஓரிடத்தில் ஏனைய எல்லோரினும் விரைந்து சாபவன் என உயர்படி வடிவம் பெறுகிறது. கவிஞன் வாயில் அவன் காலால் விரைபவன். தாயின் வாயில் சாவால் விரைபவன். அமர்ந்திருப்பவனை விரைகாலன் என்னும் அடை யாப்பால் வந்ததாகவே இருக்கட்டும். அருகில் தாயின் சொல் ஒலிக்கும்போது அதே கூறு வெறும் அணியாக நின்றுவிடுவதில்லை.

மற்றொரு சான்று இதனினும் வலியது. நெடிய உடல் நெடிதாகப் புழுதியில் நீண்டு கிடந்தது என்னும் பொருளுடைய வாய்பாடு 16ஆம் காண்டத்தில் இறந்த கெப்ரியோனீஸுக்கும், ஒடிசி 24ஆம் காண்டத்தில் இறந்த அக்கிலீஸுக்கும் வருகிறது. இலியட் 18ஆம் காண்டத்தில், பத்ரோக்ளஸ் இறந்த செய்தி கேட்டுப் புழுதியில் விழும் அக்கிலீஸுக்கும் அதுவே வருகிறது. அவன் அப்போது உயிரோடிருக்கிறான். உடனே கடல்மகளிர் ஒப்பாரி தொடங்குகின்றனர். தாய் வந்து, பிணத்தின் தலையைத் தாங்குவதுபோல், அவன் தலையைக் கைகளில் தாங்குகிறாள். இக்காட்சி அக்கிலீஸின் இறப்பைப் பாடிய பழைய பாடல் ஒன்றிலிருந்து பெயர்த்து வைக்கப்பட்டது என்று காக்ரிடிஸ் முதலானோர் கருதினர். அப்பாடல் நமக்குக் கிடைக்கவில்லை. அது எவ்வாறாயினும், இறந்தவனுக்குரிய வாய்பாட்டை உயிருள்ளவன்மேல் ஏற்றியதன் விளைவு கண்கூடு. மரபுமொழியால் புதியது சொல்ல இயலாது என்பார்க்கு இவ்விடமே போதிய விடை.

இரு ஊழ்

9ஆம் காண்டத்தில் அகமெம்னான் அனுப்பிய தூதுக்குழுவிடம் அக்கிலீஸ் தனக்கு இருவகை ஊழ் உண்டென்று தாய் கூறியதாகச் சொல்கிறான் (அடிகள் 410-416). இங்குத் தங்கிப் போரிட்டால் ஊர் திரும்புதல் இல்லை, புகழ் அழியாது. ஊருக்குச் சென்றால் புகழ் இல்லை, வாழ்நாள் நீளும். கருத்து எல்லோரும் அறிந்ததே. அதன் வினைகளைத்தான் நோக்க வேண்டும்.

இரு நிபந்தனைகளும் வருங்காலத்தன. அவற்றுக்குரிய எச்சத்தொடர்கள் அவ்வாறே அமைந்துள்ளன. ஆனால் முடிக்கும் இடத்தில், இழக்கப்படுவதைச் சொல்லும்போது, இருமுறையும் 'ஓலெதோ' என்று இறந்தகால வினைமுற்று வருகிறது: 'அழிந்தது'. எஞ்சி நிற்பதைச் சொல்லும்போது மட்டும் எதிர்கால வினை வருகிறது. தங்கிப் போரிட்டால் திரும்புதல் அழிந்தது, புகழோ அழியாததாயிருக்கும் என்பது அமைப்பு. ஆங்கிலமாக்கியோர் பலர் இவ்விறந்தகாலத்தை நிகழ்காலமாகவோ எதிர்காலமாகவோ மாற்றிவிடுகின்றனர். ஆங்கிலத்தில் அது வழுவாகத் தோன்றும் என்பதால் அவர்களைக் குறைகூற இயலாது.

தமிழில் அது வழுவன்று, வழுவமைதி. வாராத காலத்தையும் விரைவு கருதி இறந்த காலத்தால் சொல்லலாம் என்பது தொல்காப்பியம். நன்னூல் விரைவோடு மிகுதியையும் தெளிவையும் சேர்க்கிறது. தெளிவுக்கு உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு, எறும்பு முட்டையைச் சுமந்து மேட்டில் ஏறினால் மழை பெய்தது என்னும் வகையைச் சேர்ந்தது: நிபந்தனை வருங்காலத்தது, முடிவு இறந்தகாலத்தது. ஹோமரின் தொடரும் இவ்வமைப்பே உடையது. ஆகவே இலியட்டை ஆங்கிலம் வழியாகத் தமிழாக்குவோர், தம் மொழி இயல்பாகத் தரக்கூடிய ஒரு வடிவத்தை இடைமொழியில் இழந்துவிடுகின்றனர். 'தங்கினால் திரும்புதல் அழிந்தது' என்று தமிழில் எழுதலாம், எழுதவும் வேண்டும். அக்கிலீஸ் இரு வழிகளுள் ஒன்றைத் தேர்ந்துகொள்ள நிற்பவன்போல் தோன்றுகிறான். வினையோ, எவ்வழியில் சென்றாலும் ஒன்று முன்னமே போய்விட்டது என்கிறது.

புகழைப் பற்றிய தொடர் வேறொரு விவாதத்துக்கும் இடமாயிற்று. 'கிளியோஸ் அப்திதோன்' என்பதும் ரிக்வேதம் 1.9.7இல் வரும் 'ஸ்ரவஸ்', 'அக்ஷித' என்னும் சொற்களும் வேராலும் பொருளாலும் ஒப்பன என்று 1853இல் அடல்பெர்ட் கூன் காட்டினார். இந்தோ-ஐரோப்பியக் கவிதைமொழி என ஒன்று இருந்ததென்பதற்கு இவ்விணையே தலையாய சான்றாயிற்று. 1986இல் மார்கலித் ஃபிங்கெல்பெர்க் ஒரு தடை எழுப்பினார்: இலியட்டில் 'அழியாத' என்பது பெயரடையன்று, பயனிலையாக நிற்கிறது, ஆகவே இதனைப் பழைய வாய்பாடு என்பது ஐயத்துக்குரியது. தமிழில் சொன்னால், 'அழியாப் புகழ்' என்பதற்கும் 'புகழ் அழியாததாயிருக்கும்' என்பதற்கும் உள்ள வேறுபாடு இது. இந்தோ-ஐரோப்பியத் தொன்மை பற்றிய முடிவு எதுவாயினும், தொடரியல் பற்றிய அவர் கூற்று அக்கிலீஸைப் புரிந்துகொள்ள உதவுகிறது. அடையும் பெயருமாக நின்றால் அது பிறர்க்கும் உரிய மரபுப் பரிசு. பயனிலையாக நின்றால் அது ஒருவன் செய்யும் கூற்று. கூற்றாதலின் மறுக்கவும் படலாம். அதே உரையில் அவன் எல்லாப் பரிசுகளையும் மறுத்துக்கொண்டிருக்கிறான் என்பது நினைக்கத்தக்கது.

இந்த இரு ஊழ் வேறெங்கும் இல்லை என்பது பழைய சிக்கல். முதற் காண்டத்தில் அவன் குறுகிய வாழ்நாளினன் என்பது நிபந்தனையின்றியே கூறப்படுகிறது. 16ஆம் காண்டத்தில், தாய் சொன்ன எந்த முன்னறிவிப்பும் தன்னைத் தடுக்கவில்லை என்கிறான். கவிஞன் மறந்தான் என்பாரும், அக்கிலீஸ் புனைந்தான் என்பாரும் உளர். தூதுவர் மூவர்க்கும் அவன் கூறும் விடைகளைத் தொடர்ந்து நோக்கினால் வேறொரு விளக்கம் தோன்றுகிறது. ஒடிசியஸுக்கு நாளையே புறப்படுவேன் என்கிறான். பீனிக்ஸுக்கு விடிந்தபின் எண்ணுவோம் என்கிறான். ஏஜாக்ஸுக்கு ஹெக்டர் கப்பல்களை அடையும்வரை போரிடேன் என்கிறான். நிபந்தனை ஒரே இரவில் தேய்ந்துகொண்டே வருகிறது. 'ஆல்' ஈறு அவன் பேச்சில் மட்டும் வாழ்ந்த ஒன்று. அக்காண்டம் முடியும் முன்பே அது மெலிந்துவிடுகிறது.

நிபந்தனைக்குப் பின்

18ஆம் காண்டத்தில் நிலைமை மாறுகிறது. ஹெக்டரை அடுத்து உன் சாவு அணியமாயுள்ளது என்று தீட்டிஸ் கூறும் தொடரில் வினையே இல்லை. பெயர்ப் பயனிலைத் தொடர் அது. நிபந்தனையும் இல்லை, காலமும் இல்லை. அதற்கு அக்கிலீஸின் விடை 'தெத்னையேன்' என்னும் ஒரு விருப்பவினையோடு தொடங்குகிறது: இக்கணமே நான் இறந்தவனாகுக. வினை, சாதல் என்னும் நிகழ்வைக் குறியாது, இறந்துபட்ட நிலையைக் குறிக்கும் வடிவில் நிற்பது கருதத்தக்கது.

இதனைத் தமிழாக்குவது எளிதன்று. தன்மையிடத்தில் வியங்கோள் நிலைபெறாது என்பது தொல்காப்பிய விதி. சிலப்பதிகாரத்துப் பாண்டியன் தன் தவற்றை உணர்ந்த கணத்தில் சாவை வேண்டும்போது, எழுவாயாக நிற்பது அவன் ஆயுளே. வியங்கோள் படர்க்கையில் அமைகிறது. அக்கிலீஸும் தன்னால் ஒருவன் இறந்தான் என்று உணர்ந்த கணத்தில்தான் பேசுகிறான். துணையாய் நிற்க வேண்டிய பொழுதில் நிற்கவில்லை என்பதே அவன் சொல்லும் காரணம். ஆனால் அவன் வினைக்கு அவனே எழுவாய். 'என் உயிர் இக்கணமே போயிருக்க' என்று பாண்டியன் வழியில் மொழிபெயர்ப்பது தமிழுக்கு நன்று. கிரேக்கத்தின் கடுமை அதில் குறைந்துவிடும். இவ்விடத்தில் இலக்கண வழுவை ஏற்றுக்கொண்டேனும் தன்மை வினையைக் காப்பதே என் விருப்பம்.

சில அடிகள் கழித்து விருப்பவினை எதிர்கால முற்றாகிறது: சியூஸ் எப்போது விரும்பினாலும் அப்போது சாவை ஏற்பேன். 22ஆம் காண்டத்தில், இறந்துவிட்ட ஹெக்டரிடம் இதே சொற்களை மீண்டும் கூறுகிறான். தாயிடம் சொன்னதையே பகைவனின் பிணத்திடமும் சொல்வதற்கு வாய்பாட்டுமொழி இங்கு இடையூறாக இல்லை, அதுவே வழியாகிறது.

18 முதல் 22ஆம் காண்டம் வரை அவன் சாவு பற்றிய செய்தி படிப்படியாகப் பெருகுகிறது. குதிரை ஒன்று, ஹீரா தேவி குரல் தர, ஒரு கடவுளாலும் ஒரு மனிதனாலும் வீழ்வாய் என்கிறது. 21ஆம் காண்டத்தில், மதிலடியில் அப்பல்லோவின் அம்புகளால் அழிவேன் எனத் தாய் கூறியதாக அவனே சொல்கிறான். சாகும் ஹெக்டர் பாரிஸ், அப்பல்லோ, ஸ்கேயன் வாயில் என்று பெயரும் இடமும் கூறிவிடுகிறான். சான்றுகள் கூடக்கூட அக்கிலீஸின் விடைகள் குறுகுகின்றன. குதிரையிடம், எனக்கே தெரியும் என்பதற்குமேல் அவன் சொல்வது சிறிது. ஒரே இடத்தில்தான் அவன் கலங்குகிறான்: ஸ்கமாந்தர் ஆற்றுப் பெருக்கில், பன்றி மேய்க்கும் சிறுவன் ஓடையில் அடித்துச் செல்லப்படுவதுபோல் சாக நேருமோ என்று. அவன் அஞ்சியது சாவை அன்று, முன்மொழியப்படாத சாவை.

தன்னைக் காக்குமாறு முழங்காலைப் பற்றி இரக்கும் லைக்காவோனிடம் அவன் பேசுவது இவற்றுள் மிகக் குளிர்ந்தது. கொல்லப்போகிறவனை நண்பனே என்று விளிக்கிறான். எனக்கும் சாவு உண்டு. ஒரு காலையோ மாலையோ நண்பகலோ வரும், அப்போது எவனோ ஒருவன் என் உயிரைக் கொள்வான் என்கிறான். எதிர்காலம் உறுதியானது, எழுவாய் பெயரற்றது. 9ஆம் காண்டத்தின் இரு கிளைகளும் இங்கு ஒரு நாளின் மூன்று பொழுதுகளாகச் சுருங்கிவிட்டன. எந்தப் பொழுது என்பது மட்டுமே மீதம்.

'நான்' என்னும் இடம்

இறுதியாக 24ஆம் காண்டம். மகனைக் கொன்றவனின் கைகளை முத்தமிட்ட முதியவன் பிரயாமிடம், அக்கிலீஸ் தன் தந்தை பீலியஸைப் பற்றிப் பேசுகிறான். பீலியஸுக்குப் பிறந்தவன் ஒரே மகன், முற்றிலும் பருவமற்றுச் சாபவன் என்கிறான். 'பனாஓரியோஸ்' என்ற இச்சொல் ஹோமரில் வேறெங்கும் இல்லை. இவ்வடியில் அவன் தன்னைப் படர்க்கையில் வைத்துப் பேசுகிறான். அந்த மகன் யாரோ ஒருவன். அதே மூச்சில் வினை தன்மைக்குத் திரும்புகிறது: மூப்படையும் தந்தையை நான் பேணவில்லை, நாட்டைவிட்டு வெகு தொலைவில், உனக்கும் உன் மக்களுக்கும் துயர் தந்துகொண்டு, திராயில் அமர்ந்திருக்கிறேன்.

'ஹேமை', அமர்ந்திருக்கிறேன், என்னும் இவ்வினையை 18ஆம் காண்டத்திலும் அவன் தன்னைக் குறித்துப் பயன்படுத்தினான். கப்பல்களருகே நிலத்துக்கு வீண் சுமையாய் அமர்ந்திருக்கிறேன் என்று தாயிடம் சொன்னபோது. அங்கு அது எழுந்து போர்க்களம் செல்வதற்கு முன் கூறிய சொல். இங்குப் போர்க்களம் முடிந்துவிட்டது. துயர் தருதலைக் குறிக்கும் வினை, ஈமத்துயரையும் கவலையையும் குறிக்கும் பெயர்ச்சொல்லோடு ஒரே வேரினது. தமிழில் 'துன்புறுத்திக்கொண்டு' என்றால் அவ்வுறவு மறைந்துவிடும். 'துயர் தந்துகொண்டு' என்பது ஓரளவு அணுகிவருகிறது. எதிர்கால வினை ஏதும் இத்தொடரில் இல்லை. தன் இறப்பைப் பெயரடை ஒன்றில் அடக்கிவிட்டு, விரைகாலன் நிகழ்காலத்தில் அமர்ந்திருக்கிறான்.